தூதன் செய்தது சரியா

நாமக்கல்
15.6.2025

அன்புள்ள அத்தானுக்கு நிர்மலா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நீங்களும், சிவகிரியில் அப்பாவும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கோச்சிங் சென்டர் விடுதியில் வந்து இறங்கிய அன்றைக்கே கைப்பேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இனி நவம்பரில் பரீட்சை முடிந்த பிறகுதான் கண்ணில் காட்டுவார்களாம். அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடலாம், எந்த நேரமானாலும் எங்களை எழுப்பிப் பேச விடுவார்கள். நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறீர்கள்தானே. மற்றபடி கடிதம்தான். முப்பத்து நாலு வயதில், கல்யாணம் ஆகி மூன்று வருஷம் கழித்து, புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற பாக்கியம் எனக்குத்தான் வாய்த்திருக்கிறது.

காரியத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி ஆசிரியர் பரீட்சைத் தாளில் ஓர் இங்கிலீஷ் நாடகம் இருக்கிறது. நானூறு வருஷத்துக்கு முந்தியது, கடைசியில் எல்லோரும் செத்துப்போகிற வகை. அதிலிருந்து முக்கியமான வசனம் ஒன்றைக் கொடுத்து, யார் சொன்னது, எதற்குச் சொன்னார், அது சரியா தப்பா என்று கேட்பார்கள். பத்து மதிப்பெண். இங்கே உள்ள சார் ‘சொந்தமாக யோசித்து எழுதுங்கள்’ என்கிறார். சொந்தமாக யோசித்தால் எனக்கு நாலு மதிப்பெண்தான் வருகிறது. இங்கே கைடு என்றால் கஞ்சா மாதிரி, வாசலிலேயே பையைக் கொட்டிப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.

என் பச்சை அட்டை கைடு பீரோ மேல் இருக்கிறது. அதில் ‘முக்கிய வசனங்கள்’ என்ற பகுதியை ஓரம் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக் கையால் எழுதிக் கடிதத்தோடு கடிதமாக அனுப்புங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், பிடித்துவிடுவார்கள். கையெழுத்தாக இருந்தால் வீட்டுக் கடிதம் என்று விட்டுவிடுவார்கள்.

அப்பாவுக்கு நான் புறப்படும்போதே நெஞ்சில் சளி. எப்படி இருக்கிறார் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். இந்தத் தடவை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு நாற்பது ஆகிவிடும். அதனால்தான் இந்தப் பாடு. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
நிர்மலா


சங்கரன்கோவில்
13.7.2025

அன்புள்ள நிர்மலாவுக்கு சங்கரசுப்பு எழுதிக்கொண்டது. நான் நலம், இரண்டு தறியும் நலம். உன் நலத்துக்கு உடனே எழுது.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் முப்பத்தாறு எடுத்தவனிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறாய். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. படித்து எழுதவில்லை, பார்த்து வரைகிறேன். கோலப் புத்தகத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரிதான். தறி ஓடும்போது ஒரு வரி வரைவேன், நூல் அறுந்தால் எழுந்துபோய் முடிந்துவிட்டு வந்து அடுத்த வரி. போன வாரம் ஒரு கவர் அனுப்பினேன், இது இரண்டாவது.

என்ன எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. அதனால் ஒரு நிபந்தனை. உன் பதிலைத் தமிழில் எனக்கு எழுத வேண்டும். உனக்கும் மனப்பாடம் ஆகும், நானும் அந்த ராஜா கதை தெரிந்துகொள்வேன்.

மாமாவும் அத்தையும் போன திங்கள்கிழமை வந்து ஒரு நாள் தங்கிப் போனார்கள். மாமாவை டாக்டரிடம் காட்டினேன், மருந்து கொடுத்திருக்கிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒளிக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். பேச்சு மட்டும் குறையவில்லை. “ஏலே மருமகனே, அவ காலேசு வாத்தியார் ஆயிட்டா உன்னைய மதிப்பாளா?” என்று கேட்டார். “இப்பவே மதிக்கலையே மாமா” என்றேன். அத்தை சிரித்துவிட்டாள்.

கோவில் புற்றுமண் கொஞ்சம் மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொண்டு படி.

உன் அன்பான
சங்கரசுப்பு


நாமக்கல்
3.8.2025

அன்புள்ள அத்தானுக்கு, சுகம். உங்கள் சுகமும் அப்பாவின் சுகமும் தெரிய ஆசை.

இரண்டு கவரும் வந்தன. அச்சு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இங்கே பக்கத்துக் கட்டிலில் புளியங்குடி ஜரினா இருக்கிறாள். “உங்க வீட்டுக்காரரு இங்கிலீஷ் வாத்தியாராக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். புற்றுமண்ணை மட்டும் இனி அனுப்பாதீர்கள். ஆபீஸ் மேடம் பிரித்து மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நிபந்தனைப்படி கதை சொல்கிறேன். ராஜா ஒருவன் எல்லையில் கூடாரம் அடித்திருக்கிறான், விடிந்தால் யுத்தம். அரண்மனையில் அவனுடைய ராணி இறந்துபோகிறாள். அந்தச் சேதியைக் கொண்டு தூதன் வருகிறான். “என்ன சேதி?” என்று ராஜா கேட்கிறான். தூதன் சொல்கிறான்: “இன்றைக்கு உங்கள் காது வாள் சத்தத்துக்கு மட்டும், அரசே.” ராஜாவும் மேலே கேட்கவில்லை. யுத்தத்தில் ஜெயிக்கிறான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிகிறது. இதுதான் வசனம். தூதன் செய்தது சரியா என்பது கேள்வி. என் பதில் இது, கேளுங்கள்.

‘தூதன் செய்தது சரியே. அவன் பொய் சொல்லவில்லை. உண்மைக்கு ஒரு நேரம் குறித்தான், அவ்வளவுதான். சேதியை மறைத்தவன் துரோகி அல்ல, தலைவனின் துக்கத்தைத் தலைவனுக்கு முன்பே ஒற்றை ஆளாகச் சுமந்தவன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சாவு இரண்டு சாவாகியிருக்கும். ஒரு பெரிய காரியத்தில் இறங்கியவரை அது முடிகிறவரை காப்பாற்றுவதே உண்மையான அன்பு.’

எப்படி? சார் பத்துக்கு ஒன்பது போட்டார்.

பதினேழாம் தேதி ஞாயிறு பார்க்க வரலாம். ஆடித் தபசுத் திருவிழா முடிந்த கையோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ் வேண்டாம், மூச்சு வாங்கும், ரயிலில் வாருங்கள். வரும்போது கைடில் அடுத்த பக்கத்தை எழுதிக் கொண்டுவாருங்கள்.

உங்கள் பிரியமுள்ள
நிர்மலா


சங்கரன்கோவில்
29.8.2025

அன்புள்ள நிர்மலாவுக்கு, நலம்.

பதினேழாம் தேதி வர முடியவில்லை. தறி மோட்டார் எரிந்துவிட்டது, அதைச் சரிசெய்ய அலைந்தேன். நீ வாசலில் காத்திருந்திருப்பாய், கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாதமும் வர முடியும் என்று தோன்றவில்லை, வேலை நெருக்கடி.

நீ கேட்ட பக்கத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எதையும் நினைத்துக்கொண்டிராமல் படி. பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறாய்.

சங்கரசுப்பு


நாமக்கல்
11.9.2025

அன்புள்ள அத்தானுக்கு, சுகம். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் எரிந்தது சரி, ஒரு போன் செய்யக் கூடாதா? உங்கள் கடிதத்தில் ஒரு கேலி இல்லை, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘எல்லோரும் இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன பதில்?

ஜரினா விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தாளாம், போட்டோவில் பார்த்த முகம் என்பதால் அடையாளம் தெரிந்ததாம். “மொட்ட போட்டு முடி லேசா வளந்திருக்குக்கா” என்றாள். என்ன மொட்டை அது? நமக்கு ஒரு வேண்டுதலும் இருந்ததாக நினைவில்லையே.

அப்பாவின் கண்ணாடி போன வருஷமே கீறல் விழுந்துவிட்டது. தென்காசிக்குக் கூட்டிப்போய் மாற்றிக் கொடுங்கள், ‘நிர்மலா சொன்னா’ என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வேண்டாம் என்பார், என் பெயரைச் சொன்னால் கேட்பார்.

நிர்மலா


சங்கரன்கோவில்
24.9.2025

அன்புள்ள நிர்மலாவுக்கு, நலம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மொட்டை உனக்காகத்தான். நீ பாஸாக வேண்டும் என்று திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டேன். முன்னாலேயே சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

கண்ணாடி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சொன்னாய் என்று மாமாவிடம் சொல்கிறேன். இன்னும் இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இனி பரீட்சைக்கு இரண்டு மாதம்தான். பதில் எழுத நேரம் செலவழிக்காதே, படி.

சங்கரசுப்பு


சிவகிரி
25.10.2025

நிர்மலாவுக்கு அம்மா பொன்மணி எழுதுதேன். நான் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடுதியா, தலைக்கு எண்ணெய் வைக்கியா. அஞ்சாங் கிளாசு படிச்ச கை, தப்பு இருந்தா பொறுத்துக்க. உன் விலாசத்த மாப்பிள்ளை வீட்டுல கவர்ல பாத்து எழுதி வாங்கிட்டு வந்தேன்.

இந்த வருசம் நமக்குத் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கல. பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் முறுக்கு கொண்டாந்து குடுத்தா. வாங்கி வச்சிக்கிட்டு அழுதேன். உங்க அப்பாவுக்கு முறுக்குன்னா உசுரு.

ஏட்டி, ரெண்டு மாசமா ஒண்ணு மனசுல கெடக்கு. அப்பா போனதுக்கு நீ வரல. பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு எடுக்குத வரைக்கும் வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை, “சேதி சொல்ல வேண்டாம்னு அவளே எழுதிருக்கா அத்தை”ன்னு சொன்னாவ. நான் நம்பல. பதினாறு அன்னைக்கு எல்லாரும் இருக்கயில உங்க சித்தப்பா சிவனாண்டி, “ஒத்தப் பிள்ளையப் பெத்தும் கடைசி மொகம் பாக்க வரலையே, என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு”ன்னு பேசிட்டாரு. அப்பதான் மாப்பிள்ளை சட்டப் பையில இருந்து உன் லெட்டர எடுத்து எல்லாருக்கும் கேக்கும்படியா வாசிச்சாவ. சேதிய மறைச்சவன் துரோகி இல்ல, அன்னைக்கே சொன்னா ஒரு சாவு ரெண்டு சாவாயிரும், காரியம் முடியுத வரைக்கும் காப்பாத்துததுதான் அன்புன்னு நீ எழுதிருந்த. தூதன்னா தான்தான்னு மாப்பிள்ளை சொன்னாவ. உன் கையெழுத்த என்கிட்ட காட்டுனாவ. பாத்தேன். உன் எழுத்துதான். அதுக்குப் பிறவு உன்னைய ஒருத்தரும் குறை சொல்லல.

முப்பதாம் நாள் கும்பிட்டதும் உனக்குச் சொல்லியாச்சுன்னு சொன்னாவ. தெரிஞ்ச பிறவும் நீ எனக்கு ஒரு வரி எழுதல. அதான் நானே எழுதுதேன். கோவம் இல்ல மக்கா. படிச்ச பிள்ளைக்கு எது எப்பத் தெரியணும்னு அதுக்கே தெரியும். மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லக் கூடாது, கொள்ளி வச்சு மொட்டையும் போட்டு மகன் மாதிரி நின்னாவ. நீ பரிச்சைய நல்லா எழுது.

அம்மா


நாமக்கல்
1.11.2025

அத்தானுக்கு,

அம்மாவின் கடிதம் நேற்று வந்தது. முதலில் அது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். மூன்று தடவை படித்தேன். ஜரினா கையில் கொடுத்து “இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு” என்றேன். அவள் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்றைக்கு என்று அம்மா எழுதவில்லை. பதினாறாம் நாள் உங்கள் பையில் என் ஆகஸ்ட் மூன்றாம் தேதிக் கடிதம் இருந்திருக்கிறது. அதை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா செத்த நாளை நான் இப்படிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

செப்டம்பரில் அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னேன். மாமாவிடம் சொல்கிறேன் என்று எழுதினீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? திருச்செந்தூர் என்று எழுதினீர்கள். எப்படிக் கை வந்தது? எனக்கு அழுகை வரவில்லை. காலையில் வகுப்புக்குப் போனேன். குறிப்பு எழுதினேன். எழுதியது என்னவென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் அப்பன் செத்தால் எனக்குச் சொல்லாதே என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? அந்த ராஜா கதையையா? ராஜா கதையையா நீங்கள் அப்பாவின் பதினாறில் வாசித்தீர்கள்?

நிர்மலா


சங்கரன்கோவில்
6.11.2025

நிர்மலாவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் மாமா வரப்பில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உன் ஆபீஸ் நம்பரைப் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்தது. கட் செய்தேன்.

உன் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. சட்டைப் பையில் இருந்தது. அங்கேயே எடுத்துப் படித்தேன். ஒரு சாவு இரண்டு சாவாகிவிடும் என்று எழுதியிருந்தாய். காரியம் முடிகிறவரை காப்பாற்றுவதே அன்பு என்று எழுதியிருந்தாய். ‘என் பதில் இது, கேளுங்கள்’ என்று எனக்குத்தான் எழுதியிருந்தாய். மாமா உடம்பு அப்படி இருக்கிற நேரத்தில் நீ இதை எழுதியதும், நான் கேட்காமலே நீ உத்தரவு கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு வேலை கிடைத்தால் நமக்கு விடியும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது, அதை இப்போது மறைக்க மாட்டேன்.

உன் சித்தப்பா உன்னைப் பேசியபோது பொறுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். பங்காளிகளிடம் பேசி நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கும் அவர் மாமா, என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அழுவதற்கு நீ பக்கத்தில் இல்லை, உன்னிடம் சொல்லவும் முடியவில்லை. மூன்று மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நீ எழுதியதைத்தான் செய்தேன் நிர்மலா. தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னித்துவிடு. பரீட்சை முடியட்டும், அத்தையிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சங்கரசுப்பு


நாமக்கல்
11.11.2025

அத்தானுக்கு,

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் இங்கே கேசரி போடுவார்கள். அன்றைக்கு நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவை வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. வந்த பிறகு அழ முடிந்தது.

நான் எழுதியதைத்தான் செய்தேன் என்கிறீர்கள். அது நான் எழுதியது இல்லை. அது கைடு. ஜூலையில் நீங்கள் இரண்டாவதாக அனுப்பிய கவரில் இருந்த பக்கம். அதை அப்படியே தமிழில் மாற்றி உங்களுக்கு ஒப்பித்தேன். ‘சரியே’ என்பதும், ‘ஒரு சாவு இரண்டு சாவு’ என்பதும், ‘உண்மையான அன்பு’ என்பதும் யாரோ ஊர் பெயர் தெரியாத ஆள் மதிப்பெண்ணுக்காக எழுதி விற்ற வரி. நீங்கள்தான் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் அறுந்தபோது எழுந்துபோய் முடிந்துவிட்டு வந்து, எழுத்து எழுத்தாக வரைந்து அனுப்பினீர்கள். உங்களிடமிருந்து வந்ததைத்தான் உங்களுக்குத் திருப்பி அனுப்பினேன். அதை என் மனசு என்று எடுத்துக்கொண்டு எங்கள் அம்மா முன்னால் வாசித்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆகஸ்ட் இருபத்தொன்பதில் கோணல் எழுத்தில் ஒரு பக்கம் அனுப்பினீர்களே. அதே கேள்விக்கு அது எதிர்ப் பதில். தூதன் செய்தது தப்பு என்று எழுத வேண்டியவர்களுக்கு. அதில் ஒரு வரி: ‘ஒருவரின் துக்கத்தை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள, எவ்வளவு அன்புள்ளவருக்கும் உரிமை இல்லை.’ அப்பாவுக்குப் பதினாறு முடித்த கையால் நீங்களே அதையும் வரைந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது படிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் எனக்கு அது வெறும் பத்து மதிப்பெண்.

ஆபீஸ் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா குரலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது, நடந்ததைச் சொல்லவில்லை. “நல்லா எழுது தாயி” என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் என்னைக் குறை சொல்லாமல் இருக்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பன் சாவைவிடப் பரீட்சைதான் பெரிது என்று முடிவு செய்த மகள் என்று நினைத்துக்கொண்டு, அதையும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கு இப்போது வேறொன்றும் வேண்டாம்.

பரீட்சை முடியட்டும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே சிவகிரிக்குப் போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நிர்மலா


சிவகிரி
27.11.2025

அத்தானுக்கு,

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் அழைப்புகளைப் பார்த்தேன். உங்கள் குரலைக் கேட்கத் தெம்பு இல்லாததால் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த ஒரு வரி எழுதவில்லை. பரீட்சை நாளான இருபத்துமூன்றாம் தேதி காலை வரை பார்த்தேன். அம்மாவிடம் போகவும் இல்லை என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

பரீட்சை எழுதினேன். மூன்றாவது கேள்வி, ‘இன்றைக்கு உங்கள் காது வாள் சத்தத்துக்கு மட்டும், அரசே. தூதன் செய்தது சரியா?’ எனக்கு இரண்டு பதிலும் மனப்பாடம். சரி என்று எழுதினால் ஒன்பது நிச்சயம், தப்பு என்று எழுதினால் திருத்துகிறவர் மனசைப் பொறுத்தது என்று சார் சொல்லியிருந்தார். பிறகு, தூதன் செய்தது சரியே என்று ஆரம்பித்தேன். ஒரு வரி விடாமல் முழுதும் எழுதினேன். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், உங்களுக்காக நானே வக்காலத்து எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டு மாற்றி எழுத நேரம் இருந்தது, இருபது நிமிடம் மிச்சம். அடிக்கவில்லை. அந்த ஒன்பதை விட எனக்கு மனசு வரவில்லை. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்வதும் உங்களை மன்னித்துவிட்டதால் இல்லை.

அன்றைக்கே பஸ் ஏறி மறுநாள் காலையில் இங்கே வந்தேன். அம்மா ரொம்ப இளைத்துவிட்டாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். பிறகு அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரியாது, அந்தக் கடிதம் பரீட்சைக்காக ஒப்பித்தது, அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை, எனக்கு வேறு மாதிரிதான் மனசில் இருந்தது என்று சொன்னேன். அம்மா முழுதும் கேட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப அது உன் பேச்சு இல்ல.”

“இல்லம்மா.”

“பரிச்சையில அந்தக் கேள்வி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“இப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சுதான போய் எழுதுன. என்ன எழுதுன?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையும் சொல்ல முடியவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் இனி வந்து சொல்ல வேண்டாம். சொன்னாலும், அது என் பேச்சு இல்லை என்று அவள் இனி நம்ப மாட்டாள்.

நிர்மலா